கட்டளைகள் தெரியும், சர்வரைத் தொடத்தான் அச்சமாக இருக்கிறது

வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரத்தை, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 29. நடுத்தர நிறுவனம் ஒன்றில், ஊழியர்களின் கணினிச் சிக்கல்களைத் தீர்த்துவைக்கும் உதவிப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். சர்வர் நிர்வாகத்துக்கு மாற வேண்டும் என்ற விருப்பத்தில் ஒன்றரை ஆண்டாக மாலை நேரங்களில், சர்வர்களில் பரவலாக ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தைப் படித்துவருகிறார். காணொளிப் பாடங்கள் நான்கைந்தை முடித்திருக்கிறார். இருநூறுக்கும் மேற்பட்ட கட்டளைகளை மூன்று நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்து மனப்பாடம் செய்திருக்கிறார். நிறுவனத்தின் மூன்று சர்வர்களையும் தனியாளாகக் கவனித்துவந்த நிர்வாகி இன்னும் ஆறு வாரங்களில் விலகுகிறார். பொறுப்பை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று மேலாளர் நம் வாசகரிடம் கேட்டிருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் ஓர் இரவு முதன்மைச் சர்வரின் வட்டு 100 விழுக்காடு நிரம்பி இணையதளம் நின்றுபோனது. நிர்வாகி ஊரில் இல்லை. வாசகர் உள்ளே நுழைந்து, 18 ஜிபி வரை வளர்ந்திருந்த ஒரு லாக் கோப்பை (மென்பொருள் தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் பதிவேடு) கண்டுபிடித்து அழித்தார். வட்டில் ஒரு பைட்கூடக் காலியாகவில்லை. பதற்றத்தில் சர்வரை ரீபூட் செய்தார். இடம் திரும்பியது, ஆனால் டேட்டாபேஸ் எழுந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, நிர்வாகி தொலைபேசியில் வழிகாட்டிய பிறகே தளம் உயிர்பெற்றது. "ஒன்றரை ஆண்டு படித்தும் ஒரு கோப்பை அழிக்கக்கூடத் தெரியவில்லை. இந்த வேலைக்கு நான் தகுதியானவன்தானா?" என்று முடிக்கிறார். சான்றிதழ் தேர்வை முதலில் எழுத வேண்டுமா, எந்த லினக்ஸைப் படிப்பது, மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளாக ஓடவிடும் டாக்கரும், அத்தகைய பெட்டிகளைப் பல சர்வர்களில் நிர்வகிக்கும் குபர்னெட்டிஸும் நேராகக் கற்றுக்கொள்வது நல்லதா, மூலநிரல் பொதுவில் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்களே, ஏதேனும் நடந்தால் பழி முழுவதும் தன் தலையில்தானே விழும் என்பவை மற்ற கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். தகுதி இருக்கிறதா இல்லையா என்ற கவலை தீராதவரை மற்ற கேள்விகளுக்கு நான் சொல்லும் எதுவும் உங்கள் மனதில் தங்காது. அந்த இரவை நீங்கள் ஒரு தோல்வியாக நினைக்கிறீர்கள். நான் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்றரை ஆண்டுப் படிப்பில் உங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம் அந்த இரவுதான். அதை இன்னும் நீங்கள் பிரித்துப் படிக்கவில்லை, அவ்வளவே.

அந்த இரவில் நடந்தது என்ன

லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. பெயர் என்பது டைரக்டரியில் இருக்கும் ஒரு பதிவு. அது ஐநோடு என்ற உள்பதிவு ஒன்றைச் சுட்டுகிறது. தரவு வட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்பது அந்த ஐநோடுக்குத்தான் தெரியும். நீங்கள் ஆர்எம் என்ற அழிப்புக் கட்டளை கொடுத்தபோது பெயர் போய்விட்டது. ஆனால் இணைய சர்வர் மென்பொருள் அந்தக் கோப்பைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டே இருந்ததால், அது கோப்பை மூடும்வரை லினக்ஸின் மையமான கெர்னல் அந்த 18 ஜிபியை விடுவிக்காது. வீட்டில் ஆள் குடியிருக்கும்போதே வாசலில் இருந்த பெயர்ப்பலகையை மட்டும் கழற்றியது போன்ற நிலை அது.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டிஎஃப் கட்டளை, எவ்வளவு இடம் பிடிபட்டிருக்கிறது என்று கோப்பு முறைமையையே கேட்டுச் சொல்லும். டியூ கட்டளை ஒவ்வொரு பெயராகத் தேடிச் சென்று அளவைக் கூட்டிச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வந்தால், பெயரில்லாத கோப்பு ஒன்று எங்கோ திறந்து கிடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். எல்எஸ்ஓஎஃப் கட்டளை அதை எந்த பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரல், பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அந்த ஒரு சர்வீஸை மட்டும் ரீலோட் செய்திருந்தால் அது பழைய கோப்பை விட்டுவிட்டுப் புதிய கோப்பைத் திறந்துகொண்டிருக்கும்; இடமும் சில நொடிகளில் திரும்பியிருக்கும். முதலிலேயே அழிக்காமல், கோப்பை அப்படியே வைத்து அதன் நீளத்தைச் சுழியமாக்கும் ட்ரங்கேட் கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால் இந்தச் சுற்றே தேவைப்பட்டிருக்காது.

இதில் உங்களை நான் திருத்த விரும்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு லாக் கோப்பு 18 ஜிபிக்கு ஏன் வளர்ந்தது என்று உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. அழிப்பதற்கு முன் அதன் கடைசி நூறு வரிகளைப் பார்த்திருந்தால், நொடிக்கு நூறு முறை எழுதப்பட்ட ஒரே பிழைச்செய்தி உங்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடும். இப்போது அந்தத் தடயம் போய்விட்டது. காரணம் உயிரோடு இருந்தால் கோப்பு மறுபடி வளரும். லாக்ரொட்டேட் என்ற கருவி அந்தக் கோப்பை நாள்தோறும் வெட்டிச் சுருக்கி, பழையதை நீக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று உடனே பாருங்கள். இல்லையென்றுதான் நினைக்கிறேன்.

இனி டேட்டாபேஸ். நிர்வாகி தொலைபேசியில் சொன்னபடி நீங்கள் கொடுத்த கட்டளைகளைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் 'ஸ்டார்ட்', பிறகு 'எனேபிள்'. சர்வீஸ்களை ஓடவிட்டு நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் இவை இரண்டும் வேறுவேறு. ஸ்டார்ட் என்பது இப்போதே ஓடவிடுவது. எனேபிள் என்பது அடுத்த முறை சர்வர் எழும்போது தானாக ஓடும்படி பதிந்துவைப்பது. முன்பு எப்போதோ டேட்டாபேஸைக் கையால் ஸ்டார்ட் செய்தவர் எனேபிள் செய்ய மறந்திருக்கிறார். அன்றிலிருந்து சர்வர் ரீபூட் ஆகவே இல்லை. நீங்கள் அன்றிரவு ரீபூட் செய்யாவிட்டாலும், என்றாவது மின்தடையோ கெர்னல் புதுப்பிப்போ வந்து அதே நிலையில் நிறுத்தியிருக்கும். உங்கள் தவறு, காரணம் தெரியாமல் ரீபூட் செய்தது. டேட்டாபேஸ் எழாதது அந்தச் சர்வரில் பல மாதங்களாக ஒளிந்திருந்த குறை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி உங்கள் மேலேயே சுமத்திக்கொள்ளாதீர்கள்.

மனப்பாடம் எங்கே நின்றுவிடுகிறது

இருநூறு கட்டளைகள் நீங்கள் அறிந்திருக்கிறீர்கள். அவற்றில் டிஎஃப், டியூ, எல்எஸ்ஓஎஃப் மூன்றும் கட்டாயம் இருந்திருக்கும். இருந்தும் அன்றிரவு கைக்கு வரவில்லை, ஏனென்றால் அவற்றை நீங்கள் பட்டியலாகக் கற்றீர்கள், ஒரு சிக்கலுக்கு விடையாகக் கற்கவில்லை. கட்டளையின் விருப்பக்குறிகளை மறந்தால் அதன் கையேடான மேன் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். இருபது ஆண்டுக்கும் மேலாக இந்த வேலையில் இருக்கும் நான் அதைத் தினமும் செய்கிறேன். இடம் திரும்பவில்லை என்றவுடன் 'யாரோ இதைத் திறந்துவைத்திருக்கிறார்கள்' என்று தோன்ற வேண்டும். அந்த எண்ணத்தை மேன் பக்கம் தராது. பழுதைக் கையால் உண்டாக்கி, கையால் சரிசெய்து பார்த்தவருக்கே அது வரும்.

ஆகவே நோட்டுப் புத்தகங்களைச் சிறிது காலம் மூடிவையுங்கள். உங்கள் கணினியில் ஒரு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) போதும். அதில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவி, என்ஜின்எக்ஸ் இணைய சர்வர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், சிறு இணையதளம் ஒன்று என்று அமைத்து, நீங்களே அன்றாடம் பயன்படுத்தும் ஏதாவது ஒன்றை அதில் ஓடவிடுங்கள். குறிப்பு எடுக்கும் செயலியாகவும் இருக்கலாம், வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருளாகவும் இருக்கலாம். அது நின்றால் உங்களுக்கு வலிக்க வேண்டும்; அந்த வலி இல்லாத பயிற்சிச் சர்வரில் யாரும் லாக் பார்ப்பதில்லை.

பிறகு அதை வேண்டுமென்றே கெடுங்கள். வட்டை ஒரு பெரிய கோப்பால் நிரப்பி எது முதலில் விழுகிறது என்று பாருங்கள். இடம் காலியாக இருந்தும் ஐநோடுகள் தீர்ந்துபோனால் அதே பிழைச்செய்திதான் வரும். ஐநோடுகள் தீரும்வரை சிறு கோப்புகளை உண்டாக்கி அதையும் பார்த்துவிடுங்கள். நினைவகத்தை அடைத்து, கெர்னலின் ஓஓஎம் கில்லர் எந்த பிராசஸைக் கொல்கிறது என்று கவனியுங்கள். என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் ஓர் அரைப்புள்ளியை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு, ரீஸ்டார்ட் செய்யாமலே அமைப்பைச் சோதித்துச் சொல்லும் வசதியைப் பயன்படுத்திப் பாருங்கள். ஃபயர்வாலை முடுக்கி உங்களை நீங்களே வெளியே பூட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் லாக்குகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லைத் திறந்து, அது என்ன சொல்கிறது என்று படித்த பிறகே கைவையுங்கள். ஓர் ஆண்டு காணொளி தராத தெளிவை இது இரண்டு மாதத்தில் தரும் என்பதை என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் அமைப்பை மாற்றும்போது மட்டும் ஒரு பழக்கத்தை இப்போதே கையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் சாளரத்தை மூடாதீர்கள். அமைப்புக் கோப்பை மாற்றியதும் எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் நிரலான எஸ்எஸ்ஹெச்டியை மைனஸ் டி (-t) விருப்பத்தோடு ஓட்டிப் பிழை இருக்கிறதா என்று சோதியுங்கள். பிறகு ரீலோட் செய்து, புதிதாக இரண்டாவது சாளரம் ஒன்றைத் திறந்து உள்ளே நுழைய முடிகிறதா என்று பாருங்கள். நுழைய முடிந்தால்தான் முதல் சாளரத்தை மூடலாம். முடியாவிட்டால், திறந்திருக்கும் அந்த முதல் சாளரம்தான் உங்களைக் காப்பாற்றும்.

பேக்கப் ஓடுகிறது என்பது பேக்கப் இருக்கிறது என்று ஆகாது

"பேக்கப் தினமும் இரவு ஓடுகிறது, அதனால் அந்தக் கவலை இல்லை" என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன்.

என் பணியின் மூன்றாம் ஆண்டில் நான் கவனித்துவந்த ஒரு நிறுவனத்தில், டேட்டாபேஸின் நகலை எடுத்து, பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குத் தரும் இணைப்பு) வழியாக ஜிஜிப் என்ற சுருக்கும் கருவிக்கு அனுப்பிச் சுருக்கி, தேதியிட்ட கோப்பாகச் சேமிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை நானே எழுதியிருந்தேன். ஒவ்வொரு காலையும் 'வெற்றி' என்று மின்னஞ்சல் வரும். ஒருநாள் தவறுதலாக அழிக்கப்பட்ட ஓர் அட்டவணையை மீட்கப் போனபோதுதான் பார்த்தேன்: கடைசி நான்கு மாதக் கோப்புகள் அனைத்தும் ஒரே அளவு, 20 பைட். டேட்டாபேஸின் கடவுச்சொல் மாறியிருந்ததால் நகலெடுக்கும் கட்டளை தோற்றிருக்கிறது. ஜிஜிப்போ, தனக்கு வந்த வெறுமையைச் சிரத்தையாகச் சுருக்கி 20 பைட் கோப்பாக எழுதிவிட்டு வெற்றி என்று அறிவித்திருக்கிறது. பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான், கட்டளைகளை ஓட்டும் ஷெல் பொதுவாக எடுத்துக்கொள்ளும். நடுவில் தோற்றதையும் தோல்வியாகக் காட்டும் பைப்ஃபெயில் என்ற விருப்பத்தை பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்த அட்டவணையைக் காகித ஆவணங்களிலிருந்து மூன்று பேர் பதினோரு நாள் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தார்கள். அவர்களில் ஒருவர்கூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று உருவாக்குநர்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரண்டாம் நிலை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக எண்ணி முதன்மைச் சர்வரின் தரவு டைரக்டரியை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்தியபோது ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. பேக்கப் முறைகளைத் திறந்து பார்த்தால், டேட்டாபேஸ் பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறிய பிறகும் நகலெடுக்கும் கருவி பழைய பதிப்பிலேயே ஓடி, சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியின் நகல்தான் அவர்களைக் கரையேற்றியது. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் பொதுவில் எழுதினார்கள் என்பதால்தான் நாம் இன்று அதிலிருந்து கற்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது: நிறுவனச் சர்வரின் நேற்றைய பேக்கப்பை எடுத்து, வேறொரு தனி இயந்திரத்தில் முழுமையாக மீட்டுப் பாருங்கள். தளம் எழுகிறதா, கடைசி நாளின் பதிவுகள் தெரிகின்றனவா என்று பார்த்து, எத்தனை மணி நேரம் பிடித்தது என்று குறித்துவையுங்கள். உங்கள் மேலாளரிடம் எடுத்துச்செல்ல அந்த எண்ணைவிடப் பயனுள்ளது வேறில்லை. வாடிக்கையாளர் விவரங்கள் அதில் இருக்குமென்பதால், இந்த ஒத்திகையை உங்கள் சொந்தக் கணினியில் செய்யாதீர்கள். நிறுவனம் தரும் இயந்திரத்தில், அனுமதியோடு செய்யுங்கள். நகல்கள் அதே சர்வரில் மட்டும் இருந்தால் அவற்றை நகலாகவே கணக்கில் எடுக்காதீர்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதி இன்றும் செல்லும்.

எந்த லினக்ஸ், எந்தத் தேர்வு, டாக்கர் எப்போது

லினக்ஸ் வகையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். டெபியன், அல்லது உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) வெளியீடு. ரெட் ஹாட் வழி வேண்டுமென்றால் அல்மாலினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸ். ஒன்றை ஆழமாக அறிந்தவருக்கு மற்றது சில வாரங்களில் பழகிவிடும்.

ஆனால் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு செய்தி எனக்குக் கவலை தருகிறது. மூன்று சர்வர்களில் ஒன்று, ரெட் ஹாட் வழிவந்த சென்ட்ஓஎஸ் 7 என்கிறீர்கள். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 உடன் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அதற்கு இயல்பாக வருவதில்லை. சென்ட்ஓஎஸ் 8-இன் கதை இன்னும் கடுமை: 2029 வரை ஆதரவு கிடைக்கும் என்று நம்பி மாறியவர்களுக்கு, 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அல்மாலினக்ஸும் ராக்கியும் அந்த வெற்றிடத்தை நிரப்பவே பிறந்தன. ஒரு சர்வரை ஏற்கும்போது 'இதன் ஆயுள் எப்போது முடிகிறது' என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

டாக்கரைக் கற்பது தவறில்லை, ஆனால் வரிசை முக்கியம். கன்டெய்னர் என்பது தனி இயந்திரம் அன்று; நேம்ஸ்பேஸ், சிகுரூப் ஆகிய கெர்னல் வசதிகளால் வேலியிடப்பட்ட சாதாரண லினக்ஸ் பிராசஸ். கீழே இருப்பது புரியாமல் மேலே ஏறியவர்கள் வழுக்கும் இடம் ஒன்றைச் சொல்கிறேன்: யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் ஒரு போர்ட்டை (இணையத் தொடர்புக்கான எண்ணிட்ட வாசலை) அடைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார்கள், அதே போர்ட்டை டாக்கர் வெளியே திறந்துவைத்திருக்கும், ஏனென்றால் டாக்கர் தன் விதிகளைக் கெர்னலின் பாக்கெட் வடிகட்டியில் நேராக எழுதுகிறது, யுஎஃப்டபிள்யூவின் விதிகள் அந்த வழியில் குறுக்கிடுவதில்லை. கடவுச்சொல் இல்லாத டேட்டாபேஸ்கள் இப்படித்தான் உலகுக்குத் திறந்து கிடக்கின்றன. குபர்னெட்டிஸ் மூன்று சர்வர்களுக்குத் தேவையே இல்லை. அதற்குப் பதில் அன்சிபிளைக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் கையால் செய்தவற்றை எழுத்தில் வடித்து மறுபடி மறுபடி ஓட்ட அது உதவும்.

சான்றிதழ் தேர்வைப் பொறுத்தவரை, வெளியே வேலை தேடும்போது விண்ணப்பம் படிக்கப்படுவதற்கு அது உதவும். இப்போது உங்கள் கையில் இருக்கும் வாய்ப்புக்கு முன்நிபந்தனை அன்று. எழுதுவதென்றால் ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ போன்ற செய்முறைத் தேர்வைத் தேர்ந்தெடுங்கள். அதில் உயிருள்ள இயந்திரத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. அதன் செல்லுபடி மூன்று ஆண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

"பொறுப்பேற்க யாருமில்லை" என்ற எண்ணம்

ஓப்பன் சோர்ஸ் உரிமங்களில் 'எவ்வித உத்தரவாதமும் இல்லை' என்ற வாசகம் இருப்பது உண்மை. ஆனால் விலை கொடுத்து வாங்கும் மென்பொருளின் ஒப்பந்தத்தையும் முழுமையாகப் படித்துப் பாருங்கள். இழப்புக்கான பொறுப்பை அதுவும் பெரும்பாலும் மிகக் குறுகிய எல்லைக்குள் அடக்கியிருக்கும். ஆதரவு வேண்டுவோருக்கு ரெட் ஹாட், கனானிக்கல், சூசே போன்ற நிறுவனங்கள் கட்டண ஆதரவு தருகின்றன. டெபியனுக்குப் பாதுகாப்புக் குழு உண்டு. அவர்கள் அறிவிப்பு வெளியிட்டதும் திருத்தத்தை நிறுவுவது உங்கள் வேலை. பொறுப்பு அங்கே பலர் கையில் பகிர்ந்து கிடக்கிறது. உங்கள் பங்கு எது என்று தெரிந்துகொண்டால் அச்சம் குறையும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட பின்வாசல் ஒன்று வெளிப்பட்டது. பராமரிப்பாளரின் நம்பிக்கையை இரண்டு ஆண்டுக்கும் மேலாகப் படிப்படியாகப் பெற்ற ஒருவர் அதைச் செய்திருந்தார். கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். எஸ்எஸ்ஹெச் வழி நுழைவது வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதையும் பிராசஸரை அதிகம் எடுப்பதையும் கவனித்து, அதை விடாமல் துருவினார். உங்கள் சர்வர் சாதாரண நாளில் எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். லோட், நினைவகம், வட்டு ஆகியவற்றின் இயல்பான அளவை அறிந்தவருக்கே அரை வினாடி கண்ணில் படும். அந்தப் பின்வாசல் டெபியனின் நிலையான வெளியீட்டை எட்டவில்லை, சோதனைக் கிளைகளோடு நின்றது. நிறுவனச் சர்வரில் நிலையான வெளியீட்டையே வையுங்கள் என்று மூத்தவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொறுப்பை ஏற்கலாமா

ஏற்கலாம் என்பதே என் கருத்து, ஆனால் வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள். இந்த ஆறு வாரமும் பழைய நிர்வாகி பக்கத்தில் இருக்கும்போது, பொறுப்பைப் படிப்படியாக மாற்றித்தரும்படி மேலாளருக்கு எழுத்தில் கேளுங்கள். எந்தெந்தச் சர்வர் உங்கள் பொறுப்பு, வேலை நேரத்துக்கு வெளியே யார் அழைக்கப்படுவார், அதற்கு ஈடு என்ன, உங்களால் முடியாதபோது வெளியிலிருந்து யாரை அழைக்க அனுமதி உண்டு, பேக்கப்புக்கான செலவை யார் தருவார் என்பவை அதில் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்பதால் உங்களை நம்பிக்கையற்றவர் என்று நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். அனுபவமுள்ள எந்த நிர்வாகியும் இவற்றைக் கேட்காமல் முழு அதிகாரம் தரும் ரூட் கடவுச்சொல்லை வாங்குவதில்லை. உங்கள் பணி ஒப்பந்தத்தில், ஏற்படும் இழப்பை ஊழியர் ஈடுகட்ட வேண்டும் என்ற பிரிவு ஏதேனும் இருந்தால், கையெழுத்திடும் முன் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதை நான் சொல்வது முறையாகாது.

இந்த ஆறு வாரத்தில் பழைய நிர்வாகியோடு உட்கார்ந்து செய்ய வேண்டியவை சில உண்டு. டொமைன் பெயர் யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று பாருங்கள். அது அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருந்தால் இப்போதே மாற்றியாக வேண்டும். தளத்தின் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ், அதை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் வழி வருகிறதென்றால் அதன் ஆயுள் பொதுவாக 90 நாள். தானாகப் புதுப்பிக்கும் டைமர் ஓடுகிறதா என்று சோதியுங்கள். காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டதால், கண்காணிப்பை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று சர்வர்களையும், முன்கூட்டி அறிவித்த ஓர் அமைதியான நேரத்தில், அவர் பக்கத்தில் இருக்க, ஒவ்வொன்றாக ரீபூட் செய்யுங்கள். தானாக எழாதவை எவை என்று அன்றே தெரிந்துவிடும். அவர் விலகும் நாளில் அவருடைய எஸ்எஸ்ஹெச் சாவிகளை நீக்கிவிடுங்கள். அது அவமதிப்பு ஆகாது. பின்னாளில் ஏதேனும் நடந்தால் அவர்மேல் சந்தேகம் விழாமல் காப்பதும் அதுவே.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கற்கும் ஆர்வத்தில் நிறுவனச் சர்வர்களை திறந்திருக்கும் போர்ட்களைத் தேடும் என்மேப் போன்ற கருவிகளால் துருவிப் பார்க்க நினைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். பிறருடைய சர்வர்களை அப்படித் தொடுவது பல நாடுகளில் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடக்கூடும். உங்கள் விர்ச்சுவல் மெஷின் மட்டுமே உங்கள் விளையாட்டுத் திடல்.

உங்கள் நோட்டுப் புத்தகங்களில் நான்காவது ஒன்றைத் தொடங்குங்கள். அதில் கட்டளைப் பட்டியல் வேண்டாம். தேதி, மணி, கண்டது, சந்தேகித்தது, செய்தது, பிறகு நடந்தது என்று ஒவ்வொரு நிகழ்வையும் எழுதுங்கள். முதல் பக்கத்தில் அந்த இரவை எழுதுங்கள், நிர்வாகி தொலைபேசியில் சொன்ன ஒவ்வொரு படியும் நினைவில் இருக்கும்போதே. எழுதி முடித்ததும், மற்ற இரண்டு சர்வர்களிலும் டேட்டாபேஸ் எனேபிள் ஆகியிருக்கிறதா என்று சிஸ்டம்டியின் கட்டளையான சிஸ்டம்சிடிஎல்லைக் கேட்டு, கிடைத்த பதிலை அதே பக்கத்தின் கடைசி வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.